சம்பந்தி வந்தபோது நான் எழுந்து நிற்காதது

அன்புள்ள மகனுக்கு,

போதும், இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தாயிற்று. இங்கே எல்லோரும் சுகம். நீயும் சுகமாக இருப்பதாக உன் அம்மா சொல்லித்தான் தெரிந்துகொள்கிறேன், அதையும் அவள் என்னிடம் சொல்வதில்லை, சமையலறைச் சுவரிடம் சொல்கிறாள், நான் கூடத்திலிருந்து கேட்டுக்கொள்கிறேன். தங்கச்சி கல்யாணத்துக்குப் பேன்ட் போட்டுக்கொண்டு வா, கவுனோடு வருவதானால் வராதே என்று நான் போனில் சொன்னதும், அப்படியானால் வரவில்லை என்று நீ போனை வைத்ததும்தான் நமக்குள் கடைசிப் பேச்சு. அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. போதாக்குறைக்கு, நீ நீலக் கவுன் போட்டு நின்று அனுப்பிய அந்தப் படத்துக்குச் சட்டம் போட்டு, கூடத்தில் என் பட்டமளிப்புப் படத்துக்கும் மேலே மாட்டிவிட்டாள். கணக்கில் முதுகலை படித்துவிட்டு, எனக்குப் பின்னால் சேர்ந்த சொட்டையன் தலைமையாசிரியர் ஆனதையே சகித்துக்கொண்டவன் நான், இதையும் சகித்துக்கொண்டேன்.

உனக்குத் தெரியாத சங்கதி ஒன்று. எனக்குக் குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் ஆயிற்று. ஆய்வகப் பீரோவை நகர்த்தச் சொன்னது அந்தச் சொட்டையன்தான், அதை இந்த ஜென்மத்தில் மறக்கமாட்டேன். சம்பந்தி வீட்டுக்கு யாரும் மூச்சு விடக்கூடாது, பெண்ணின் அப்பன் ஓட்டை உடம்புக்காரன் என்று பேச்சு வரும் என்று எல்லோரையும் எச்சரித்து வைத்தேன். டாக்டருக்கு உன் வயதுதான் இருக்கும். தையல் ஆறுற வரைக்கும் இடுப்புல நாடா, பெல்ட், முடிச்சு எதுவும் ஆகாது, தோள்லேர்ந்து தொங்குற மாதிரி எதையாவது மாட்டிக்குங்க சார் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். தோளிலிருந்து தொங்குகிற துணி இந்த வீட்டில் யாரிடம் இருக்கிறது? உன் அம்மா ஒரு வார்த்தை பேசாமல் தன் மஞ்சள் நைட்டியைக் கட்டிலில் வைத்துவிட்டுப் போனாள். கழுத்தைச் சுற்றிச் சுருக்கு, உடம்பெல்லாம் சூரியகாந்தி.

போன ஞாயிற்றுக்கிழமை நான் சாப்பாட்டு மேஜையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது, சம்பந்தி சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே வந்து நின்றார். தீயணைப்பு நிலையத்தில் அதிகாரி, கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு, அதற்கேற்ற மீசை. கூடவே அதே வேலையில் இருக்கும் அவருடைய தம்பி. குளிருக்குப் பள்ளிக்கூடக் கோட்டை மாட்டியிருந்ததால் மேஜைக்கு மேலே நான் வாத்தியார், கீழே சூரியகாந்தி. வாங்க வாங்க என்றேன், எழுந்திருக்கவில்லை. அவர் கை நீட்டினார், உட்கார்ந்தபடியே குலுக்கினேன். அவர் முகம் மாறிவிட்டது. ஏன் சார், ஒரு மரியாதைக்குக்கூட எழுந்திருக்க மனசில்லையா, நீங்க படிச்சவங்க, நாங்க தண்ணி அடிச்சு நெருப்பு அணைக்கிறவங்க, அதானே என்றார். தம்பிக்காரன், வாண்ணே போலாம், இப்பவே இப்படின்னா பின்னாடி நம்ம பையனை வாசல்லயே நிக்க வெப்பாங்க என்று வாசல் பக்கம் திரும்பிவிட்டான். உன் தங்கச்சி கதவோரம் நின்று என்னைப் பார்த்தாள். அழவில்லை. அழுதிருந்தால் அதட்டியிருப்பேன். எழுந்து நின்றுவிட்டேன்.

கோட்டுக்குக் கீழே நைட்டி முழுவதும் வெளியே வந்துவிட்டது. உன் அம்மா ஆபரேஷன் என்று வாயெடுக்கப் போனாள், அதற்குள் நான் முந்திக்கொண்டு, எங்க வீட்டு ஆம்பிளைங்க இப்படித்தாங்க, பரம்பரை வழக்கம் என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்காதே, குடல் இறங்கியதைச் சொல்வதைவிட அது கௌரவமாகப் பட்டது. சம்பந்தி சுவரில் இருந்த உன் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி உன்னைப் பார்த்தார். அட, இவ்வளவுதானா விஷயம், இதுக்கா கூச்சப்பட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்தீங்க, நாங்க என்ன வேத்து மனுஷங்களா என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். டீ குடித்தார். என் நைட்டி ஓரத்தை இரண்டு விரலால் தடவிப் பார்த்து, நல்லா காத்து வருமே, நாங்களும்தான் போடறோமே ஒரு யூனிபார்ம், அடுப்புக்குள்ள நிக்கிற மாதிரி என்று பெருமூச்சு விட்டார்.

அதோடு போயிருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலையில்லை. மறுநாள் போன் வருகிறது, பெண் வீட்டு வழக்கத்துக்கு நாங்க மரியாதை குடுக்கணும் இல்லையா சம்பந்தி, எங்க பக்கத்து ஆம்பிளைங்க எல்லாருக்கும் கவுனுக்கு அளவு குடுத்தாச்சு என்கிறார். மாப்பிள்ளைக்கு வெள்ளை, தனக்கு மெரூன், நிலையத்து ஆட்களுக்கெல்லாம் சிவப்பு. மீசைக்குச் சுருக்குக் கழுத்து எடுக்குமா, இல்லை காலர் வைக்கவா என்று என்னைக் கேட்கிறார், காலரே வையுங்கள் என்று சொல்லித் தொலைத்தேன். இனி உண்மையைச் சொன்னால் பொய்யன் வீட்டுப் பெண் என்று ஆகிவிடும். தையல்காரர் என்னையும் அளந்துவிட்டு, இடுப்பை எங்க சார் வைக்கிறது, தேடிப் பார்த்தேன், காணோமே என்றார். ஒரே ஒரு ஆறுதல் உன் மாமா. உன் படத்தைப் பார்த்ததும் பிள்ளையை ஒழுங்காக வளர்க்கவில்லை என்று என் முகத்துக்கு நேரே சொன்னவர். பெண் வீட்டார் என்பதால் அவரும் போட்டே ஆகவேண்டும். அவருக்கு நிறம் நானே பொறுக்கினேன், ரோஸ்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். படத்துல இருக்கிற மூத்தவர் எப்ப வர்றார், அவரைப் பார்த்துத்தானே துணி வெட்டிக்கிட்டிருக்கோம் என்று சம்பந்தி தினமும் கேட்கிறார். அதனால் நீ வரவேண்டும். பேன்ட் போட்டுக்கொண்டு வந்தாயோ, வாசலோடு திரும்பிப் போய்விடு, நெருப்பணைக்கிற கூட்டம் மொத்தமும் கவுனில் நிற்கையில் என் மகன் ஒருவன் மட்டும் பேன்டில் நின்றால் என் மானம் கப்பலேறிவிடும். நான் மனம் மாறிவிட்டேன் என்று நினைக்காதே, கவுன் ஆம்பிளைக்கு அழகில்லை என்பதுதான் இன்றும் என் கட்சி, காற்றோட்டம் வேறு விஷயம். உட்காரும்போது துணியை எப்படிக் கூட்டிக்கொள்வது, படியேறும்போது எங்கே பிடிப்பது என்று எனக்குச் சொல்லித்தர இங்கே ஆளில்லை, உன் அம்மாவும் பேசமாட்டாள். ஆகவே சில நாள் முன்கூட்டியே வந்து சேர்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, நன்றாக இரு, எந்தக் குறையும் உனக்கு வராது. டிக்கெட்டை இன்றே எடுத்துவிடு, கடைசி நேரத்தில் கிடைக்காது. கவுன் போட்டவனுக்கு அப்பா என்று இனி எந்தக் காகிதத்திலும் எழுதமாட்டேன் என்று உன் மாமா முன்னால் சொல்லித் தொலைத்திருக்கிறேன், அந்த மனிதர் முன்னால் சொன்னதை என்னால் மாற்றிக்கொள்ள முடியாது. கையெழுத்துப் போடுகிற இடத்தை அப்படியே விட்டுவிட்டு, இதைத் தபாலில் போடப் போகிறேன்.