நான்கு வீட்டுக் கம்பளம்

அன்புள்ள பெர்மெத் அக்காவுக்கு,

அன்றைக்கு அந்த ஆய்வுக்காரப் பெண்ணிடம் நான் சொல்லாமல் விட்டது இதுதான்: நான்கு வீடுகளிலும் அவள் பார்த்தது ஒரே கம்பளம்.

போனில் பேசினால் அம்மா காதில் விழும். அதனால் மாஸ்கோவுக்குத் திரும்பும் பக்கத்துத் தெருக்காரரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். உன் மகன் எர்னிஸ் நன்றாகச் சாப்பிடுகிறான். இருமல்தான் விடவில்லை. காலையில் தலை வலிக்கிறது என்கிறான்.

நம் பிஷ்கெக் நகரின் எந்தப் புறநகரில் ஏழ்மை அதிகம், அங்கே பிள்ளைகளின் நுரையீரல் எப்படி இருக்கிறது என்று கணக்கெடுக்க வந்தவள் அவள். வீட்டுக்குள் இருப்பதைப் பார்த்துத் தெருவுக்கு மதிப்பெண் போடுவாளாம். நம் ஆட்களுக்கோ அவள் விருந்தாளி. கன்ஷாயிம் அத்தையின் கம்பளமும் தேன் கிண்ணமும் அவள் நுழையும் முன்பே வீட்டுக்கு வீடு வேலி தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. "மெதுவா மிதிங்கடி, இன்னும் ரெண்டு வீட்டுக்குப் போகணும்" என்று அத்தை கிசுகிசுத்தாள்.

அந்தப் பெண்ணும் கவனிக்காமல் இல்லை. "எல்லார் வீட்டுலயும் ஒரே மாதிரி கம்பளமா இருக்கே?"

"எங்க தெருவுக்கே ரசனை ஒண்ணுதாம்மா. நீ தேனைத் தொட்டுக்கோ" என்றாள் அத்தை.

நம் அம்மா ஒருபடி மேலே போய், "எம் பொண்ணு மாஸ்கோவுல இருக்கா. எங்களுக்கு என்ன குறை?" என்றாள்.

வாசலில்தான் அந்தப் பெண் என்னிடம் விஷயத்தைச் சொன்னாள். மதிப்பெண் குறைந்த தெருக்களுக்கு இந்தக் குளிர்காலமே புகை கசியாத அடுப்பு தருவார்களாம். "முன்னாடியே சொன்னா எல்லாரும் இல்லாதவங்க மாதிரி நடிப்பாங்க. அதான்." அம்மா கதவைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் பேருந்துக்கு வழி மட்டும் காட்டினேன். பிறகு அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டு உண்மையைச் சொன்னபோது, "மதிப்பெண் எல்லாம் அனுப்பியாச்சே" என்றாள்.

நம் நிலக்கரி அடுப்பில் விரிசல் விட்டிருக்கிறது. களிமண் பூசினாலும் மறுபடி விரிகிறது. நான் ரொட்டி ஆலைக்கு இரவு வேலைக்குக் கிளம்பியதும், சூடு வீணாகக் கூடாதென்று அம்மா புகைபோக்கித் தகட்டை மூடிவிடுகிறாள். சூட்டோடு விஷப்புகையும் உள்ளேயே நிற்கும் என்றால், "புத்தகம் படிச்சுப் படிச்சு எல்லாத்துக்கும் பயப்படுறே" என்று சிரிக்கிறாள். நீ சொன்னால் கேட்பாள். இல்லாவிட்டால் எர்னிஸை அங்கே அழைத்துக்கொள். அறை சின்னது என்று யோசிக்காதே.

நீ நலமாயிரு அக்கா. நம்மவர்கள் எல்லோருக்கும் பொழுது நல்லபடியாக விடியட்டும்.

உன் தங்கை,
சைக்கால்

உறையை ஒட்டுவதற்கு முன் இதையும் சேர்க்கிறேன். அடுப்புப் பட்டியல் வந்துவிட்டது. நம் தெரு 'வசதியான பகுதி'. நேற்று முதல் பனி விழுந்தது. இன்று காலை எர்னிஸை உலுக்கித்தான் எழுப்ப வேண்டியிருந்தது.