உதைக்காத தோட்டா

அன்பு மெற்றில்டாவுக்கு,

மடு மாதாவின் காவலில் நீ சுகமாயிருப்பாய். மாமியின் முழங்கால் வீக்கம் வற்றியதா? எனக்குக் குறையில்லை, கடையும் ஓடுகிறது. ஃபோனில் பேசினால் உன் தம்பி றெஜி பக்கத்தில் நிற்பான், அதனால்தான் கடிதம்.

மாதத்தில் ஒரு ஞாயிறு நானும் அவனும் ஒஷாவாவுக்கு அப்பால் கௌபோய் தொப்பி போட்டு, பழங்காலத் துப்பாக்கியால் இரும்புத் தகடு சுடும் போட்டிக்குப் போவது உனக்குத் தெரியும். வெடிமருந்து குறைந்த தோட்டா சுடும்போது கையைப் பின்னுக்கு உதைக்காது, வேகமாகச் சுடலாம். ஆனால் கிளப் விதிப்படி ஓர் அளவுக்குக் கீழே குறைக்கக்கூடாது. தோட்டா நிரப்புகிற றெஜி, வெல்லும் ஆசையில் அதற்கும் கீழே போய்விட்டான்.

போன ஞாயிறு என் துப்பாக்கி ‘புசுக்’ என்றது. குண்டு குழலுக்குள்ளேயே நின்றுவிட்டது. அடுத்த தோட்டாவைச் சுட விசையை அழுத்தப் போனேன், நடுவர் ‘ஸ்டொப்’ என்று கத்தினார். அழுத்தியிருந்தால் குழல் வெடித்திருக்கும். பயப்படாதே, கீறல்கூட இல்லை.

அந்த ஒரு தோட்டா மட்டும் பழுதென்றுதான் நடுவர் நினைக்கிறார். “கிளப்பில சொல்லிப் போடாதேங்கோ அத்தான், என்னை விலக்கிப் போடுவாங்கள். உங்களுக்குச் சும்மா பயம்,” என்கிறான் றெஜி. யாவாரத்தில் நிறை குறைத்தால் ஆள் அடுத்த கடைக்குப் போவான். இதில் ஆளே போய்விடுவான். அடுத்த மாதப் போட்டிக்கும் அதே அளவில்தான் நிரப்பி வைத்திருக்கிறான்.

அக்கா சொன்னால் கேட்பான், நீ சொல். கேட்காவிட்டால் கிளப்பில் நானே சொல்லத்தான் வேண்டும்.

மிளகாய்த்தூள் நீயே வறுத்து அனுப்பு, இங்கு வாங்குவது வாய்க்குப் பிடிக்கவில்லை. கடை திறக்க நேரமாகிறது. கிளப்பில் சொன்னால் அவன் கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போய்விடுவான், மெற்றில்டா. சண்டை பிடிக்கவும் எனக்கு இங்கே அவன் ஒருவன்தான்.

உன்,
கிறகோரி