மேனாம்பேடு நூலகத்தின் முதல் கோடை

இன்று காலை நூலகத்து மொட்டை மாடியில் மறுபடி சுண்ணாம்பு அடித்தார்கள். அந்த ஈர வாடை மூக்கில் ஏறியதும் உன் நினைவுதான் வந்தது. துப்பட்டாவைத் தலையில் சுற்றிக்கொண்டு, "மாடி வெள்ளையா இருந்தா வெயில் வந்த வழியே திரும்பிப் போயிடும்டீ" என்று நீ அங்கே நின்றிருந்தாய்.

மேனாம்பேட்டுக்குப் புது நூலகக் கட்டடம் என்றதும் எல்லோரும் முகப்பு முழுக்கக் கண்ணாடியும் உள்ளே ஏசியும் கேட்டார்கள். வரைபடம் போட்ட நீ ஒற்றை ஆளாய் முரண்டு பிடித்தாய். மேற்கு வெயில் அடிக்கும் பக்கம் படிக்கட்டையும் கழிப்பறையையும் நிறுத்தினாய். படிக்கும் கூடத்தை வடக்கே தள்ளிப் பெரிய ஜன்னல்கள் வைத்தாய். சூடான காற்று வெளியேறக் கூரையடியில் திறப்புகள். நூலகரான எனக்கே உள்ளுக்குள் உதறல்தான்.

பூந்தமல்லியில் துணிக்கடை வைத்திருக்கும் வாசகர் வட்டத் தலைவர் பாய் விடவில்லை. "இன்னாம்மா, இந்த வெயில்ல ஏசி இல்லாம புக்கு படிக்கறதா? அவிஞ்சு பூடுவோம். நானே வாங்கித் தரேன்."

"ஒரு கோடை பொறுங்க பாய். அப்பவும் வேர்த்துச்சுன்னா ஜன்னலை அடைச்சு உங்க ஏசிய நானே மாட்டித் தர்றேன்" என்றாய்.

திறந்த முதல் வாரமே நீ கூப்பிட்ட காற்று உன்னைக் கவிழ்த்தது. ஒரே செய்தித்தாளைத் தாள் தாளாய்ப் பிரித்து நாலு பேர் பங்கு போட்டுப் படிப்பார்களே, அது உன் கணக்கில் இல்லை. காற்றில் பறந்து விளையாட்டுப் பக்கம் வாசலில், ராசிபலன் தெருவில். பெரியவர்கள் துரத்த, நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். பிறகு அலமாரிகளை நகர்த்தி செய்தித்தாள் மேசைக்கு மறைப்புக் கட்டினாய்.

பங்குனியில் காய்ச்சல் என்று படுத்தவள் எழவே இல்லை. உன்மேல் எனக்கு இன்னும் கோபம்தான். பந்தயம் கட்டிவிட்டு இப்படியா பாதியில் எழுந்து போவது?

அக்னி நட்சத்திரம் தொடங்கியதிலிருந்து மதியமானால் வாசகர்களின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், வேர்க்கிறதா என்று. நேற்று உச்சி வெயிலில் பாய் வந்தார். மின்விசிறிக்குக் கீழே இடம் பிடித்து, ஒரு துப்பறியும் கதையில் மூழ்கிவிட்டார். பள்ளிவாசலில் சாயங்காலத்து அசர் தொழுகைக்குப் பாங்கு கேட்ட பிறகுதான் நிமிர்ந்தார். மேலே பார்த்தார், விசிறி நின்றிருந்தது.

"கரண்டு எப்பம்மா போச்சு?"

"நீங்க வந்து உக்காந்ததுமே போயிடுச்சு, பாய்."

ஜன்னல் பக்கம் திரும்பினார். "அந்தப் பொண்ணாண்ட சொல்லணுமேம்மா, நான் தோத்துட்டேன்னு" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் அழுதுவிட்டேன்.

"சொல்லிடறேன் பாய்" என்றேன். அதற்குத்தான் இந்த மடல். நீ ஜெயித்துவிட்டாயடி. இனி யார் வந்து ஜன்னலை அடைக்கச் சொன்னாலும், முரண்டு பிடிக்க நான் இருக்கிறேன்.