வேங்கைப் பால்

சித்திரை 9, 1971

பாரஸ்ட் கார்டு வேலையில் இதுவரை யாரையும் அடித்ததில்லை. இன்று சித்தேரிக் காட்டில் மரம் வெட்டும் மேஸ்திரியை அறைந்துவிட்டேன்.

பொந்து மரம் விலைபோகாது என்று வெட்டாமல் விடுவார்கள். இந்த வேங்கை மரத்தின் பொந்தை, அடைகாக்க உள்ளே போன இருவாச்சிப் பறவை பூசி அடைத்திருந்ததால் முழு மரம் என்று நினைத்துச் சாய்த்தார்கள். உள்ளே தாயும் குஞ்சுகளும் இருந்தன. துண்டு போடும்போது ரம்பம் சிவந்தது.

"நிறுத்துய்யா!"

"வேங்கைப் பாலுங்க சார்," என்று சிரித்துக்கொண்டே மேஸ்திரி இன்னும் இழுத்தான். வெட்டினால் வேங்கையில் ரத்தம்போல் சிவந்த பால் வடியும்தான். ஆனால் ரம்பத்தோடு இறகு வந்தது. உள்ளே கைவிட்டேன். சூடாக இருந்தது. திரும்பி அவனை அறைந்தேன்.

"போயும் போயும் ஒரு குருவிக்காங்க கை நீட்டுனீங்க?"

ஆண் பறவை, உள்ளே இருந்தவற்றுக்கு ஊட்ட அத்திப்பழத்தைக் கவ்விக்கொண்டு வந்து, மரம் இருந்த வெற்றிடத்தையே சுற்றியது.

வீட்டில் சிவப்புக் கறை படிந்த என் சட்டையைத் துவைக்க நனைத்த மனைவி, நிறைமாதக்காரி, கேட்டாள்: "ஏங்க, வேங்கைப் பாலா?"

ஆமாம் என்றேன்.