பல்லுக்குக் கிடைத்த அனுமதி

சிங்காதோகா, பிஜி
மார்ச் 9

அன்புள்ள செமேசா,

இங்கே நலம். உன் மகள் கெலேராவும் நலம். நீயும் நலம் என்றே வைத்துக்கொள்கிறேன். போனில் நீ சொல்வது அந்த ஒரு சொல்தான். அதைச் சொல்லி முடிப்பதற்குள் உங்கள் இறைச்சி ஆலையில் சாப்பாட்டு நேரம் முடிந்துவிடுகிறது. அதனால்தான் கடிதம். இதை நீ பாதியில் வைத்துவிட முடியாது.

விசாவுக்கு அனுப்பிய புகைப்படம் மறுபடியும் திரும்பி வந்துவிட்டது. இந்த முறை கெலேராவுடையது. தலைமுடி கட்டத்துக்குள் அடங்கவில்லையாம். முகம் முழுவதும் தெரிகிறது, காது தெரிகிறது, நெற்றி தெரிகிறது. முடிதான் இரண்டு பக்கமும் வெட்டுப்பட்டிருக்கிறது. படம் எடுப்பவன் தண்ணீர் தொட்டு அமுக்கச் சொன்னான். அமுக்கினேன். கையை எடுத்தவுடன் எழுந்துகொண்டது. உன் முடி. அவள் கேட்டாள், “அப்ப பாதித் தலை மட்டும் அங்க போயி, மீதித் தலை இங்கயே இருக்குமா?” படம் எடுப்பவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பேருந்துக்கு நேரமாகிவிட்டிருந்தது.

நான் குற்றம் எதுவும் செய்யாதவள் என்று போலீஸ் கொடுத்த சான்றிதழ் காலாவதியாகிவிட்டது. ஒரு வருடம்தான் செல்லுமாம். அதன்பிறகு என் நல்லொழுக்கம் கெட்டுப்போய்விடும், திறந்துவைத்த மீன் டப்பா போல. புதிதாக வாங்க வேண்டும். சுவாவுக்குப் போய்த்தான் வாங்க வேண்டும். தலைமையாசிரியர் விடுப்புக் கொடுக்கும்போது, நீ இன்னும் போகவில்லையா வசேமதா என்று கேட்கிறார். போன வருடமும் இதையேதான் கேட்டார்.

மார்பு எக்ஸ்ரே எடுத்தாயிற்று. மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னார்கள். நீ போன நாளிலிருந்து பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்று சொல்ல வாய்வரை வந்தது.

உன் பக்கம் பாக்கி உங்கள் ஆலையின் சிபாரிசு மட்டும். ஆஸ்திரேலியாவின் அந்த வட்டாரக் குடியேற்றத் திட்டத்துக்கு ஆலை வருடத்துக்கு ஒருவர் பெயரைத்தான் அனுப்பும், இந்த முறை உன் பெயர் என்று அலுவலகத்து க்ளெனிஸ் சொன்னதாக நீ சொன்னது கிறிஸ்துமஸுக்கு முன்னால். அதன்பிறகு நீ வாயே திறக்கவில்லை. கேட்டால் மழை பெய்கிறது என்கிறாய். கூரன்பாவில் அப்படி என்ன மழை. அது ஆடு மேய்கிற வறண்ட ஊர் என்று நீதானே சொன்னாய்.

நீ ஆங்கிலத் தேர்வுக்குப் படித்த மாதங்களை நினைத்துக்கொள்கிறேன். சிறிய ஊர்களுக்குப் பூங்கா தேவையா என்று கட்டுரை. ஆலையில் எலும்பிலிருந்து இறைச்சியைப் பிரித்துவிட்டு வந்த கையோடு நீ போனில் வாசிப்பாய். நான் இங்கே சமையலறையில் நின்றபடி திருத்துவேன். நமக்குள் இதுவரை நடந்த மிக நீண்ட பேச்சு பூங்காக்களைப் பற்றியதுதான். மூன்றாவது முறை நீ தேறினாய். அது வீணாகக் கூடாது. சிபாரிசு வந்தால் அங்கே நிரந்தரமாகத் தங்கலாம், நாங்களும் அங்கே. வராவிட்டால் நீ அங்கே, நாங்கள் இங்கே. மற்றதெல்லாம் வெறும் காகிதம்.

இன்னொரு செய்தி. உன் மாமன் மகன் ரூபேனி ஆலையிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தபோது அவன் மனைவி உனைசி ஒருநாள் இங்கே வந்தாள். பாயில் உட்கார்ந்து, வெகுநேரம் வேறு ஏதேதோ பேசிவிட்டு, நம் தம்புவாவைக் கேட்டாள். கல்யாணத்தன்று அப்பா என் பக்கத்திலிருந்து கொடுத்த அதே திமிங்கலப் பல். கொடுத்துவிட்டேன். எதற்கு என்று கேட்கவில்லை. யாராவது இறந்திருப்பார்கள், எடுத்துக்கொண்டு போக வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். அலமாரியில் அது இருந்த இடத்தில் இப்போது கெலேராவின் தேவாலயச் செருப்பு இருக்கிறது.

க்ளெனிஸிடம் கேள். மழையைப் பற்றி வேண்டாம்.

கத்தி பிடிக்கும்போது இரும்புக் கையுறையைக் கழற்றாதே. உன் பத்து விரல்களும் எனக்கு வேண்டும்.

வசேமதா


ஏப்ரல் 2

செமேசா,

சனிக்கிழமை சந்தையில் உனைசியைப் பார்த்தேன். கிழங்குக் கட்டு ஒன்றைத் தூக்கி என் கூடையில் வைத்தாள். பணம் எடுத்தேன், கையைப் பிடித்துக்கொண்டாள்.

“காசெல்லாம் வேணாம் அண்ணி. அண்ணன் செஞ்சதுக்கு இது ஒண்ணுமேயில்ல.”

அண்ணன் என்ன செய்தார் என்று கேட்டேன். சிரித்துக்கொண்டேதான் கேட்டேன். யாருக்காவது கூரை போட உதவியிருப்பாய், காலணி வாங்கிக் கொடுத்திருப்பாய் என்று நினைத்தேன்.

ஆலையிலிருந்து ரூபேனியின் பெயர் போய்விட்டதாம். வட்டார அலுவலகம் ஏற்றுக்கொண்டதாம். அவளும் போலீஸ் சான்றிதழுக்கு அலைகிறாளாம். எந்த வரிசை சீக்கிரம் நகரும் என்று என்னிடம் கேட்டாள். சொன்னேன். இடது பக்கம் இருக்கிற ஜன்னல், காலையில் முதல் ஆளாகப் போ என்றேன். வாழ்த்தும் சொன்னேன். கிழங்கைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அவித்து, தேங்காய்ப்பால் ஊற்றிச் சாப்பிட்டோம். நன்றாக இருந்தது. அதுதான் இன்னும் எரிச்சல்.

அன்று மாலை போனில் நீ சொன்னதைச் சொல்லுக்குச் சொல் எழுதுகிறேன். நீ மறந்துவிட்டேன் என்று சொல்லக் கூடாது.

“கேட்டான் வசே. சும்மா கேக்கல, தம்புவாவோட வந்து கேட்டான். நான் என்ன பண்றது?”

என்ன பண்றதா?

தூங்குவதுபோல் படுத்திருக்கலாம். குளிக்கப் போயிருக்கலாம். கூடுதல் ஷிப்ட் கேட்டு வாங்கியிருக்கலாம், அதை மட்டும் நீ கேட்காமலே வாங்குவாயே. வேலை நாளில் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, துண்டில் எதையோ சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு ஒருவன் உன் அறைக்கு வந்தால், அது துணி துவைக்கும் சோப்பு இல்லை என்று உனக்குத் தெரியாதா. குளிர்சாதனப் பெட்டிக்கும் துவைக்கும் இயந்திரத்துக்கும் நடுவே இருவரும் சம்மணம் போட்டு உட்கார்ந்தீர்களாம். அவன் பேசினானாம். நீ இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாயாம். ஏற்றுக்கொண்டேன் என்று கை குவித்துத் தட்டினாயாம். வாங்கிய பிறகு இல்லை என்ற சொல் கிடையாது. எனக்கும் தெரியும். எனக்கு நீ பாடம் நடத்த வேண்டியதில்லை.

அவன் உன் மச்சான். உன் சட்டையைக் கேட்டான், கொடுத்தாய். உன் படகைக் கேட்டான், கொடுத்தாய், எஞ்சின் இல்லாமல் திரும்பி வந்தது, அதற்கும் இருவரும் ஒருவரை ஒருவர் கிண்டல் செய்து சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். ஆனால் இது சட்டை இல்லை. இதற்குள் நான் இருக்கிறேன். கெலேரா இருக்கிறாள், முழுத் தலையோடு.

மறுநாள் நீயே க்ளெனிஸிடம் போய், என் பெயரை எடுத்துவிட்டு ரூபேனி பெயரைப் போடுங்கள் என்றாயாம். அவள் இரண்டு தடவை கேட்டாளாம், நிச்சயம்தானா என்று. இதைத் திருப்பிக் கொடுத்த ஆளை அவள் பார்த்ததே இல்லையாம். நீ சிரித்தாயாம். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் நான் அங்கே இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று மட்டும் தெரியவில்லை.

பிப்ரவரியில் நடந்தது. இது ஏப்ரல். நடுவில் எத்தனை மழை.

கையுறை போட்டுக்கொள்.

வ.


ஏப்ரல் 19

செமேசா,

இரண்டு வாரமாக உன் அழைப்பை எடுக்கவில்லை. எடுத்தால் கத்துவேன். கத்தினால் கெலேரா விழித்துக்கொள்வாள். வியாழக்கிழமை ஒரே ஒரு கேள்வி கேட்கத்தான் நானே அழைத்தேன். ஏன் கேட்டேன் என்று உனக்குப் புரியாமல் போயிருக்கும். எழுதுகிறேன்.

அன்று உனைசி வந்திருந்தாள். காகிதங்களைக் காட்டி, எதை எங்கே நிரப்புவது என்று கேட்டாள். உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்தேன். ஆமாம், நான்தான். என் கையெழுத்து நன்றாக இருக்கிறதாம். கேட்டாள், செய்தேன். நீ ஒன்றும் சொல்லாதே.

நிரப்பிக்கொண்டிருக்கும்போது, எல்லாக் காகிதமும் இப்படித்தான் இழுக்கிறது, ஒன்றுதான் சீக்கிரம் வந்தது என்றாள். எது என்றேன்.

“அந்தப் பல்லுக்கு வாங்கினோமே அண்ணி, நாட்டை விட்டு எடுத்துட்டுப் போறதுக்கு. அது ரெண்டே வாரத்துல வந்துடுச்சு.”

பேனாவை மூடி வைத்தேன்.

நம் பல், செமேசா. ரூபேனி அதைத்தான் துண்டில் சுற்றிக்கொண்டு நாதியில் விமானம் ஏறியிருக்கிறான். அங்கே சுங்கத்தில் யாரோ வெள்ளைக் கையுறையோடு தூக்கிப் பார்த்து, காகிதத்தைப் பார்த்து, போகலாம் என்றிருக்கிறார்கள். புகைப்படம் கேட்கவில்லை. மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லவில்லை. சிறிய ஊர்களுக்குப் பூங்கா தேவையா என்று கேட்கவில்லை. நீ போன பிறகு நம் வீட்டிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குள் போக அனுமதி கிடைத்தது அதற்கு மட்டும்தான்.

உனைசி என் முகத்தைப் பார்த்தாள். அவளுடைய பெரிய பையனுக்கு வயது ஏறிக்கொண்டே போகிறது, இன்னும் ஒரு வருடம் போனால் அப்பாவின் விண்ணப்பத்தில் அவனைச் சேர்க்க முடியாது, அவனை மட்டும் இங்கே விட்டுவிட்டு எப்படிப் போவது என்றாள். அது பொய் இல்லை. நான் விசாரித்துவிட்டேன். பிறகு மெதுவாகச் சொன்னாள்:

“நீங்க எதுக்குன்னு கேக்கவேயில்லையே அண்ணி. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.”

அவள் சொல்லத் தயாராகத்தான் வந்திருக்கிறாள். நான்தான் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று வளர்த்திருக்கிறார்கள். கேட்பது கொடுக்க மனமில்லாதவள் செய்வது. பல்கலைக்கழகத்தில் இதைப் பற்றி ஒரு பாடம் இருந்தது. கேட்டால் கொடுத்தே ஆகும் நம் வழக்கத்தை விமர்சித்து நான் எழுதிய கட்டுரைக்கு நல்ல மதிப்பெண் போட்டார்கள். அந்தக் கட்டுரையை இப்போது யாராவது கேட்டால் அதையும் கொடுத்துவிடுவேன்.

அவள் போன பிறகு உன்னை அழைத்தேன். உனக்கு வந்த பல்லின் கயிறு என்ன நிறம் என்று கேட்டேன்.

நீலம் என்றாய். தென்னை நார்க் கயிறு இற்றுப்போனதும் என் அம்மா மீன்பிடி நைலானை முடிந்துவைத்த பல். இந்த ஊரில் அப்படி ஒரு பல்தான் உண்டு. அப்படியானால் உனக்குத் தெரிந்திருக்கிறது. துண்டைப் பிரித்தவுடனேயே தெரிந்திருக்கிறது. தெரிந்தும் ஏனடா வாங்கினாய் என்று கேட்டேன். அப்போது நீ சொன்னது:

“தெரிஞ்சதாலதான் வாங்கினேன். நம்ம அலமாரியிலேர்ந்து வந்திருக்கு. நீ சம்மதிச்சுத்தான் அனுப்பியிருக்கேன்னு நெனச்சேன். உனக்கே சம்மதம்னா நான் யாரு வேணாங்கறதுக்கு?”

அதன்பிறகு நான் போனை வைத்துவிட்டேன். கோபத்தால் இல்லை. கோபம்தான். ஆனால் எங்கே வைப்பது என்று தெரியாத கோபம்.

உன்னை ஏமாந்தவன் என்று திட்ட ஒரு கடிதம் எழுதிவைத்திருந்தேன். கிழித்துவிட்டேன். நீ என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். யாரும் யாரிடமும் கேட்காமல் ஒரு பல் கடலைக் கடந்து போய் நம் பெயரை அழித்துவிட்டு உன் தலையணைக்கு அடியில் படுத்திருக்கிறது. நான் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேனா என்று யோசித்தேன். அந்தப் பையனின் வயதைச் சொல்லியிருந்தால். தெரியவில்லை. தெரியாததுதான் தூங்கவிடாமல் செய்கிறது.

போனை வைத்த பிறகு நீ அனுப்பிய செய்தியில், அடுத்த வருடம் ஆலை உன் பெயரை அனுப்பலாம் என்று க்ளெனிஸ் சொன்னதாகச் சொல்கிறாய். திட்டம் அதுவரை இருந்தால். உன் ஒப்பந்தத்தை நீட்டித்தால். என் சான்றிதழ் மறுபடி கெட்டுப்போகும், மறுபடி வாங்குவேன். கெலேராவின் முடி இன்னும் வளரும். அதுவரை உன் அறைக்கதவை ரூபேனி மட்டுமா தட்டுவான்? உன் சித்தப்பா மகன் வருகிற பருவத்தில் அங்கே வருகிறான். அவனுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். எல்லோருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

ஆகவே கவனமாகப் படி.

பல்லைத் திருப்பி அனுப்பட்டுமா என்றும் அந்தச் செய்தியில் கேட்டாய். வேண்டாம். அங்கேயே இருக்கட்டும். இதைப் படித்து முடித்ததும் அதை வெளியே எடு. தரையில் உட்கார், அதே இடத்தில். இரண்டு கையிலும் வைத்துக்கொள்.

அது என் அப்பா வீட்டிலிருந்து வந்தது. முதலில் என் கையில் இருந்தது. அதை அனுப்பியது நான் என்று நினைத்தாய். சரி, அப்படியே இருக்கட்டும். நான்தான் அனுப்பினேன். அதோடு வந்த கோரிக்கை மட்டும் என்னுடையது இல்லை. அது வழியில் மாறிவிட்டது. என்னுடையது இது:

அடுத்த கிறிஸ்துமஸுக்குள் ஒன்று உன் பெயர் போன செய்தி வர வேண்டும், இல்லையென்றால் நீ வர வேண்டும். இரண்டில் எது என்று நான் கேட்க மாட்டேன். இரண்டும் இல்லாத இன்னொரு வருடத்தை மட்டும் என்னிடம் கேட்காதே. நீ கேட்டால் நான் கொடுத்துவிடுவேன், அதனால்தான்.

இனி யார் துண்டில் சுற்றி எதைக் கொண்டு வந்தாலும், கையை நீட்டுவதற்கு முன் சொல்: இந்த வீட்டில் ஒரு தம்புவா ஏற்கெனவே வைக்கப்பட்டிருக்கிறது, அதற்கு இன்னும் பதில் சொல்லி முடியவில்லை என்று. அவர்களுக்குப் புரியும். நம் ஆட்கள்தானே.

கடவுள் உன்னைக் காக்கட்டும். விரல்களையும்.

நீ மறுக்க முடியாது, செமேசா. பிப்ரவரியிலேயே வாங்கிக்கொண்டுவிட்டாய். கை குவித்துத் தட்டியும்விட்டாய்.

வசேமதா