குழல் வருகிற இடம்

டேப் ரிக்கார்டரின் பின்மூடியை இன்று காலையில் திறந்தேன். பேட்டரிக் கட்டைகள் உள்ளேயே ஒழுகி, ஸ்பிரிங்கெல்லாம் பச்சை பூத்து, புளித்த இரும்பு வாடை மூக்கில் ஏறியது. நீங்கள் இருந்திருந்தால் எனக்குத் திட்டு விழுந்திருக்கும். "கட்டையக் கழட்டி வெளிய வெக்கோணும்னு எத்தன தடவ சொல்லிப்போட்டேன் அம்மணி" என்பீர்கள். நீங்கள் போன பிறகு அதைத் தொட எனக்கு மனசு வரவில்லை, அலமாரி மேலேயே கிடந்தது. மகள் பெருந்துறையிலிருந்து வந்திருக்கிறாள், புருஷன் வாங்கிக் கொடுத்த சிடி பிளேயரோடு. அதை வைக்க இடம் வேண்டும் என்றுதான் இதை இறக்கினோம்.

இந்தச் சோமனூரில் நமக்குப் பாட்டுக் கேட்க வாய்த்தது கரண்ட் போன நேரம்தான். வீட்டை ஒட்டியே விசைத்தறிக் குடோன். எல்லாத் தறியும் ஓடும்போது பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது. நீங்கள் தறிகளுக்கு நடுவே நிற்பீர்கள். நான் சுவரோரம் உட்கார்ந்து தறி நாடாவுக்குள் வைக்கிற தார்க்குச்சியில் நூல் சுற்றிக்கொண்டிருப்பேன். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் உதட்டை அசைத்தால் போதும், பார்த்தே புரிந்துகொள்வோம். தறிக்காரர் வீட்டில் எல்லோருக்கும் வருகிற வித்தை அது. கரண்ட் நின்றதும் ஊரே சட்டென்று அடங்கிவிடும். மற்றவர்கள் கரண்ட் ஆபீஸைத் திட்டிக்கொண்டே பேக்கரிக்கு டீ குடிக்கப் போவார்கள். நீங்கள் கையைத் துடைத்துக்கொண்டு, இன்னும் ரெண்டு பாட்டுக்குத் தாங்கட்டும் என்று வெயிலில் காயவைத்த கட்டைகளை எடுத்துவந்து பெட்டியில் போடுவீர்கள்.

"வா அம்மணி, கச்சேரிக்கு நேரமாச்சு."

கல்யாணமான புதிதில் கோயமுத்தூர் போய் ரிக்கார்டிங் கடையில் பதிந்து வாங்கிய கேசட்தான் நமக்குக் கச்சேரி. அதில் உங்களுக்கு உயிரான பாட்டு ஒன்று. முதல் சரணம் முடிந்ததும் எல்லா வாத்தியமும் ஒதுங்கிக்கொள்ள, புல்லாங்குழல் மட்டும் தனியாக வரும். அந்த இடம் வந்தால் நான் வளையலைக்கூட அசைக்கக் கூடாது. கண்ணை மூடிக்கொண்டு ஆள்காட்டி விரலைத் தூக்குவீர்கள், பேசாதே என்று. நானும் பேசமாட்டேன். அந்த நேரத்தில் நீங்கள் எனக்கு ரொம்ப அழகாகத் தெரிவீர்கள், உங்களிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

பிறகு பாட்டு மாறியது. மகள் காலேஜுக்குப் போக ஆரம்பித்ததும் புதுக் கேசட்டாகக் கொண்டுவந்து குவித்தாள். எனக்கு அவை பிடித்தன. இப்போதும் சொல்கிறேன், பிடித்தன. அடியில் உருளுகிற அந்தத் தாளமும், ஒரு குரல் மேல் இன்னொரு குரலை அடுக்கிய விதமும் இந்தச் சந்துக்குள் உட்கார்ந்திருந்தவளுக்குப் புது ஊர் பார்த்தது போல இருந்தது. உங்களுக்கு ஆகவே ஆகாது.

"பாடறானா, வாய் கொப்புளிக்கறானா? ஒரு வார்த்த வெளங்குதா? குழலெங்கே, வீணையெங்கே? எல்லாம் டம்மு டுமுன்னு. தறிச் சத்தம் பத்தாதுன்னு இத வேற காசு குடுத்துக் கேக்கோணுமா?"

"இதுலயும் குழல் இருக்குதுங்க. கேக்காமயே குத்தஞ் சொன்னா எப்படிங்க?"

"எங்கே இருக்குது? எனக்குக் காணோமே. குழலுக்கு மூச்சு வேணும் அம்மணி. பொத்தான அமுக்குனா வர்றது குழலாயிருமா?"

உங்களுடையது உடும்புப் பிடி. மகள் வாக்மேனைக் காதில் மாட்டிக்கொண்டு துணி மடித்தால் அதற்கும் ஒரு பாட்டம் திட்டு நடக்கும். "பாட்டுன்னா உக்காந்து கேக்கோணும் கண்ணு. ஊறுகா மாதிரி தொட்டுக்கப்படாது." அந்த ஒன்றில் மட்டும் நானும் உங்கள் கட்சி. மற்றதில் எல்லாம் வாய்க்கு வாய் சண்டைதான், கரண்ட் வந்து தறி ஓடினால்தான் ஓயும். நல்ல சண்டைகள் அவை.

அப்படி இருக்கும்போதுதான் மகள் அந்தக் காரியத்தைச் செய்தாள். அதே பெட்டியின் ரேடியோவில் வந்த ஏதோ புதுப் பாட்டைப் பதியப் போனவள், உள்ளே உங்கள் கேசட் இருப்பதைப் பார்க்காமல் பொத்தானை அமுக்கிவிட்டாள். முதல்நாள் குழலுக்கு முன்னால் கரண்ட் வந்துவிட, நீங்கள் நிறுத்திவிட்டுப் போன இடம் அது. ஸ்டேஷனும் சரியாக நிற்கவில்லை. அவள் பதறிப்போய் நிறுத்துவதற்குள் குழல் முழுக்க அழிந்து, உஸ்ஸென்று வெறும் இரைச்சல் ஏறிவிட்டது.

"அப்பாகிட்ட நீயே எப்படியாச்சும் சொல்லீரும்மா" என்று அழுதாள்.

"கேட்டுட்டு அவரே சத்தம் போடுவாரு. அப்ப நான் பாத்துக்கறேன்" என்றேன்.

மறுநாள் மதியத்துக்கு முன்னாலேயே கரண்ட் போனது. நீங்கள் பெட்டி முன் உட்கார்ந்தீர்கள். நாங்கள் இருவரும் சமையல்கட்டு வாசலில் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றோம். முதல் சரணம் முடிந்தது. உஸ்ஸென்று இரைச்சல் கிளம்பியது. நீங்கள் விரலைத் தூக்கினீர்கள். கண்ணை மூடினீர்கள். தலை மெல்ல ஆடியது. இரைச்சல் முடிந்து அடுத்த சரணம் தொடங்கியபோது கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள்.

"கேட்டியா அம்மணி? எத்தன கம்ப்யூட்டர் வந்தாலும் இந்தக் குழலுக்கு ஈடாகுமா?"

"ஈடாகாதுங்க" என்றேன்.

மகள் கோயமுத்தூரில் ஒரு காது டாக்டரிடம் விசாரித்துவிட்டு வந்தாள். தறிச் சத்தம் மெல்லிசான ஒலிகளைத்தான் முதலில் தின்னுமாம், போனது திரும்ப வராதாம். பழைய பாட்டெல்லாம் உங்களுக்கு மனப்பாடம், அதனால் காது விட்டதை ஞாபகம் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. புதுப் பாட்டில் ஞாபகத்துக்கு எங்கே போக? அதில் உங்களுக்கு எட்டியது டம்மு டுமுதான். நம் வீட்டில் பேச்சும் உதட்டில்தானே நடக்கிறது, எங்களுக்கும் தெரியாமல் போனது. உங்களிடம் சொல்லவில்லை. சொன்னால் அந்தக் குழலும் உங்களை விட்டுப் போய்விடும் என்று பயந்தேன்.

அன்றிலிருந்து உங்களோடு சண்டை போடவும் எனக்கு வாய் வரவில்லை. புதுப் பாட்டை நீங்கள் திட்டினால் ஆமாம் போட்டேன்.

"ஏனம்மணி, இப்பெல்லாம் சண்டைக்கே வரமாட்டேங்கற? ஒடம்பு கிடம்பு செரியில்லியா?"

"நீங்க சொல்றதுதானுங்க செரி."

சண்டையில் ஜெயித்த முகமாக அது இல்லை, வாடிப்போனது. கொஞ்ச நாளில் நீங்களும் கரண்ட் போனால் பேக்கரிக்குப் போக ஆரம்பித்தீர்கள். பெட்டியை நானாக எடுத்து வைத்தாலும், "அப்பறம் பாக்கலாம் அம்மணி" என்பீர்கள். அந்த வருஷமே ஒருநாள் பொழுதோடே, விளக்கு வைக்கிற நேரத்தில், நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவர்தான், பிறகு எழவில்லை. உங்களுக்கு விஷயம் தெரிந்துவிட்டதா இல்லையா என்று நினைத்து நினைத்தே எனக்கு நாள் போய்க்கொண்டிருந்தது.

இன்று மத்தியானம் மகள் சிடியைப் போட்டாள். ஏதோ புதுப் பாட்டு, எல்லோரும் கொண்டாடுகிறார்களாம். நான் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "என்ன கண்ணு இது, ஒரு வார்த்தையும் வெளங்கலையே" என்றேன். நான் உங்களிடம் வந்தது போல அவளும் என்னோடு மல்லுக்கு வருவாள் என்று பார்த்தேன். அவள் என்னையே பார்த்தாள். அப்புறம் பிளேயரை நிறுத்திவிட்டு, "ஆமாம்மா, இந்தப் பாட்டு அப்படித்தான். வெளங்காது" என்றாள், ரொம்ப அன்பாக.

அந்த அன்பு எப்படி வலிக்கும் என்று இன்றைக்குத்தான் பட்டுத் தெரிந்தது. அன்றைக்கு நான் ஆமாம் போட்டபோதே உங்களுக்குத் தெரிந்துவிட்டது, இல்லைங்களா? அதே குடோனில் சுவரோரம் நானும்தானே அத்தனை வருஷம் உட்கார்ந்திருந்தேன்.

ஸ்பிரிங்கை எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்தேன். கடைக்கு ஆள் அனுப்பிப் புதுக் கட்டை வாங்கினேன். உங்கள் கேசட்டைப் போட்டு, உங்கள் இடத்திலேயே உட்கார்ந்தேன். மகள் சமையல்கட்டு வாசலில் வந்து நின்றாள். முதல் சரணம் முடிந்தது. இனி அந்த இரைச்சல் வர வேண்டும். காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். இரைச்சல் வரவில்லைங்க. குழல்தான் வந்தது, ஒரு மூச்சுக்கூடக் குறையாமல். மகள் "அம்மா" என்று ஏதோ சொல்ல உதட்டை அசைத்தாள். நான் விரலைத் தூக்கினேன்.