சாம்பல் நிற ஸ்வெட்டர்

என்னங்க,

தொண்டையில் குழாயோடு நீங்கள் சீட்டில் எழுதிக் கொடுத்ததை உங்கள் தம்பி கொண்டுவந்து காட்டினார். கண் விழித்துவிட்டீர்கள் என்று அழுதேன். "வார்டு குளிருது, சாம்பல் ஸ்வெட்டர் அனுப்பு" என்று படித்ததும் அழுகை நின்றுவிட்டது.

புது ஸ்வெட்டர் அனுப்புகிறேன். நல்ல கம்பளி. அதையே போட்டுக்கொள்ளுங்கள்.

போன வாரம் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மனசைத் தயார்படுத்திக்கொள்ளச் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது. உங்கள் ஸ்வெட்டரைக் கொதிநீரில் சோப்புப் போட்டுக் கசக்கினேன். சுருங்கித் தடித்து, பின்னல் தெரியாத நல்ல ஃபெல்ட் துணி ஆகிவிட்டது. இனி எந்தத் தண்ணீரிலும் விரியாது. அதை வெட்டிச் சட்டத்தில் வைத்து, மேலே சிவப்பு இழைகளைத் தைத்துக்கொண்டிருக்கிறேன். உருவம் என்று எதுவும் இல்லை. உங்கள் தம்பி தலையைச் சாய்த்துப் பார்த்து, "என்ன அண்ணி இது, மழை மேகமா, எருமைக் கூட்டமா?" என்றார். ஸ்வெட்டர் என்று அவருக்குத் தெரியவில்லை. பிழைத்தேன். இந்தக் கடிதத்தைப் படித்துவிடாமல் இருக்க, உறையையும் தைத்துத்தான் அவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

ஆனால் நீங்கள் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடுவீர்கள். "எப்ப வெட்டினே?" என்று கேட்பீர்கள். அதை நினைத்தால்தான் தைத்த இழையை மறுபடி பிரித்துவிடுகிறேன்.

ஸ்வெட்டரின் இடது கையை மட்டும் வெட்ட மனசு வரவில்லை. குழந்தைச் சட்டைக் கை அளவுக்குச் சுருங்கிவிட்டது. புது ஸ்வெட்டர் இருக்கும் பையின் அடியில் வைத்திருக்கிறேன். டிரிப்ஸ் ஏறாத கையில், நுழைகிற வரை நுழைத்துக்கொள்ளுங்கள். டாக்டர் சொன்னதை நான் முழுசாக நம்பவில்லை என்பதற்கு என்னிடம் அது ஒன்றுதான் சாட்சி.

உங்கள் ஊசிக்காரி